மேக்கே பெய்யுது, எங்க காடு காயுது

போன ஆடி மாசம் ஒரு சாயங்காலம். விலைக்கு வாங்கின டேங்கர் தண்ணியைத் தொட்டியில விட்டு எருமைகளுக்குக் காட்டிட்டு இருந்தேன். சென்னையில ஐடி கம்பெனியில இருக்கிற பழைய காலேஜ் நண்பன் கூப்பிட்டான். "டிவில பார்த்தேன்டா, கோவை நீலகிரிக்கு ரெட் அலர்ட்டாம். உங்க ஊர்ல கிணறெல்லாம் ரொம்பியிருக்குமே"ன்னு சந்தோசமாக் கேட்டான். நான் தொட்டியைப் பார்த்தேன், எருமையைப் பார்த்தேன். "ரொம்பலைடா, இங்க காத்து மட்டும்தான்"னேன். அவன் நம்பலை. "மலைக்குப் பக்கத்துலதானே இருக்கீங்க? மேட்டு நாடு வேற. மேட்டுல மழை அதிகம்னுதானே படிச்சோம்?"னான்.

நியாயமான கேள்விதான். இதைப் படிக்கிற உங்கள்ல பல பேருக்கும் அந்தச் சந்தேகம் இருக்கும். ஊட்டிக்கு வரும்போது எங்க ஊரு வழியாத்தான் ரயில்ல வர்றீங்க. ஈரோடு தாண்டி, பெருந்துறை தாண்டி, ஊத்துக்குளி. ஜன்னல் வழியா வெள்வேல மரமும் முள்ளு வேலியும் காஞ்ச புல்லும் ஓடும். ரெண்டு மணி நேரம் கழிச்சு மேட்டுப்பாளையத்துல மேகம் தலைமேல நிக்கும். இடையில என்ன ஆச்சு? அதைத்தான் இந்தப் பதிவுல சொல்லலாம்னு இருக்கேன். மழைக் கதையில ஆரம்பிச்சாலும் இது எங்க நாட்டுச் சரித்திரம்தான். கொங்கு நாட்டுல எதைத் தோண்டினாலும் கடைசியில தண்ணிக் கதையிலதான் போய் முட்டும்.

முதல்ல ஊர்ப் பேரு. ஊத்துக்குளி. ஊத்து இருக்கிற குழின்னு சிலர் சொல்வாங்க, ஊத்துல குளிக்கிற எடம்னு சிலர் சொல்வாங்க. எங்க ஊரு கைத்தமலை முருகன் கோயிலுக்கு ஒரு கதை உண்டு. அகத்தியர் இந்தப் பக்கமா வந்தப்போ பூசைக்குத் தண்ணி கிடைக்காமத் தவிச்சாராம். முருகன் வேலால குத்தி ஊத்து வரவெச்சுக் கொடுத்தாராம். சின்ன வயசுல இந்தக் கதையைக் கேட்டப்போ, ஆகா நம்ம ஊரு தண்ணிக்குப் பேர் போன ஊருன்னு பெருமையா இருந்துச்சு. இப்பத்தான் புரியுது. தஞ்சாவூர்ல ஒரு ஊத்துக்காக ஊருக்குப் பேரு வைப்பாங்களா? ஒரு முனிவரே தாகத்துல தவிச்சாருன்னு கதை இருக்கிற ஊரு வறண்ட ஊருதான். ஊத்து அங்க அதிசயம். அதனாலதான் பேரு.

ஆடி மாசத்துல, காத்து தூசியெல்லாம் அடிச்சுட்டுப் போன ஒரு காலையில, கைத்தமலை மேல ஏறி நின்னு பாருங்க. கிழக்க சென்னிமலை. மேக்க அடிவானத்துல நீலமா ஒரு கோடு, அதுமேல வெள்ளையா ஒரு மேகச் சொவரு. அந்தச் சொவருக்கு அக்கட்டால மழை கொட்டிட்டு இருக்கும். 2019 ஆகஸ்ட்டுல நீலகிரி அவலாஞ்சியில ஒரே நாள்ல 80 சென்டிமீட்டருக்கு மேல பெஞ்சுது, ஞாபகம் இருக்கும். எங்க திருப்பூர் மாவட்டத்துக்கு ஒரு வருசம் முழுக்கப் பெய்யிற மழையே 60, 70 சென்டிமீட்டர்தான். நாங்க பன்னண்டு மாசம் அண்ணாந்து பார்த்துக் காத்திருக்கிற மழையை, நூத்தி முப்பது கிலோமீட்டருக்குள்ள இருக்கிற ஒரு மலை ஒரே நாள்ல வாங்கிக் குடிச்சுடுது.

எப்படின்னா, இதை விளங்கிக்க ஒரு சைக்கிள் பம்பு போதும். டயருக்குக் காத்தடிக்கும்போது பம்போட அடிப்பக்கம் தொட்டுப் பாருங்க, சுடும். நல்லாக் காத்தடிச்ச டயர் வால்வை அமுக்கி விட்டா, வெளிய வர்ற காத்து ஜில்லுனு இருக்கும். காத்தை அமுக்கினா சூடாகும், விரிய விட்டாக் குளுந்துரும். அவ்வளவுதான் விசயம். தென்மேற்குப் பருவக்காத்து அரபிக்கடல்ல இருந்து ஈரத்தைச் சுமந்துக்கிட்டு வருது. எதிர்ல மேற்குத் தொடர்ச்சி மலை. தொட்டபெட்டா 2,637 மீட்டர், ஆனைமுடி 2,695 மீட்டர். காத்து மேல ஏறித்தான் ஆகணும். மேல போகப் போக அழுத்தம் கம்மி. காத்து விரியும், குளுரும். குளுந்த காத்தால அவ்வளவு ஈரத்தைத் தாங்க முடியாது. மேகமாகி மழையாக் கொட்டிரும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கடல்மட்டத்துல 28 டிகிரி இருக்கிற காத்து மலை ஏறுதுன்னு வைங்க. ஈரம் பிரியாத வரைக்கும் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 10 டிகிரி குளுரும். முதல் கிலோமீட்டர் ஏறும்போது 18 டிகிரி. அங்க மேகம் பிடிக்க ஆரம்பிச்சுருது. ஆவி தண்ணியா மாறும்போது கொஞ்சம் சூட்டை வெளிய விடும். அதனால அதுக்கு மேல கிலோமீட்டருக்குச் சுமார் 6 டிகிரிதான் குளுரும். ரெண்டாவது கிலோமீட்டர்ல 12 டிகிரி. மழை பெஞ்சு ஈரம் எறங்கிருச்சு. இப்போ அந்தக் காத்து இக்கட்டால எறங்குது. எங்க ஊரு உயரம் 300 மீட்டர் வாக்குல. 1,700 மீட்டர் எறங்கினா, ஈரமில்லாத காத்து 17 டிகிரி சூடாகும். 12-உம் 17-உம் 29. மலைக்கு அந்தப் பக்கம் அதே 300 மீட்டர்ல அந்தக் காத்து 25 டிகிரியில இருந்துச்சு. ஆக எங்ககிட்ட வந்து சேரும்போது நாலு டிகிரி சூடு கூட, ஈரம் கம்மி. மழை கொடுக்கிறதை விட்டுத் தள்ளுங்க. எங்க மண்ணுல இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சிட்டுப் போற காத்து அது. இதைத்தான் மழை மறைவுப் பகுதின்னு புத்தகத்துல படிச்சிருப்பீங்க.

இப்போ நண்பன் கேட்டதுக்குப் பதில். உயரமான எடத்துல மழை அதிகம்ங்கிறது பாதி உண்மைதான். காத்து ஏறுற பக்கம் எதுன்னு பார்க்கணும். லடாக்ல லே நகரம் 3,500 மீட்டர் உயரத்துல இருக்கு. அங்க வருசத்துக்கு 10 சென்டிமீட்டர் வாக்குலதான் மழை. இமயமலை தெக்கே நின்னு எல்லாத்தையும் வாங்கிடுது. தக்காணத்துல மகாபலேஸ்வரம் மழையில மிதக்கும், அதுக்குக் கிழக்க எறங்கின மேட்டுச் சீமை காஞ்சு கிடக்கும். அவ்வளவு தூரம் போக வேண்டாம். நீலகிரியிலயே கூடலூர்ப் பக்கம் மழை விடாது, மலைக்கு வடகிழக்க ஒதுங்கி நிக்கிற மசினகுடியில முள்ளுக்காடு. ஒரே மலைதான், ரெண்டு பக்கம்.

எங்க கதையில இன்னொரு திருப்பம் இருக்கு. மலைச்சொவரு முழுசா இல்லை. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவுல ஒரு வாசல் தொறந்து கிடக்கு. பாலக்காட்டுக் கணவாய். ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலம். அதுல போறவங்களுக்கு மலை ஏறுற நினைப்பே வராது, அவ்வளவு தாழ்வு. அப்போ அந்த வாசல் வழியா மழை வரலாமேன்னு தோணும். ஈரக்காத்து வரத்தான் வருது. ஆனா ஏறாத காத்து குளுராது, குளுராத காத்து பெய்யாது. பெரிய சந்தையில ஒரே ஒரு வாசல் தொறந்திருந்தா சனம் எப்படி நெருக்கித் தள்ளிட்டு ஓடுமோ, அப்படி கணவாய்ல நெருங்கி வேகமா வந்து, இந்தப் பக்கம் வெட்டவெளியில விரிஞ்சு ஓடிரும். வாசலுக்குப் பக்கத்துல இருக்கிற பொள்ளாச்சிக்குக் கொஞ்சம் தூத்தல் கிடைக்கும். எங்களுக்கு மூஞ்சியில தெளிக்கிற சாரல். அதுல ஒரு உழவு ஓட்டக்கூட ஈரம் பத்தாது. ஆடிக்காத்துல அம்மியும் பறக்கும்னு சொல்றது எங்க பக்கம் வெறும் பேச்சு இல்லை. பல்லடம், உடுமலைப் பக்கம் வரிசையா நிக்கிற காத்தாடியெல்லாம் அந்த வாசலை நம்பித்தான் நட்டது.

சரி, வடகிழக்குப் பருவமழை? எங்களுக்குக் கிடைக்கிற மழையில ஏறக்குறைய பாதி அதுதான். ஐப்பசி, கார்த்திகைதான் எங்க நம்பிக்கை. ஆனா வங்கக்கடல்ல இருந்து இங்க வந்து சேர 250 கிலோமீட்டருக்கு மேல. வழியில டெல்டா வாங்கும். பச்சைமலை, கொல்லிமலை, சேர்வராயன் மலை வாங்கும். சென்னையில வெள்ளம், பள்ளிக்கூடம் லீவுன்னு நீங்க ஸ்டேட்டஸ் போடுற நாள்ல, எங்களுக்கு மேகம் மூடி ஊசித் தூத்தல் போடும். ஆக, தென்மேற்குக்கு நாங்க மறைவு, வடகிழக்குக்கு நாங்க கடைசி வீடு. பந்தியில கடைசி இலைக்குப் பாயசம் வந்து சேருமா சேராதாங்கிற கதைதான் எங்க மழைக் கதை.

இனிமேதான் சரித்திரம்.

மழையைக் கொண்டு வராத அந்த வாசல் வேற ஒண்ணைக் கொண்டு வந்துச்சு. ரெண்டாயிரம் வருசத்துக்கு முன்னால மேலைக் கடற்கரையில முசிறித் துறைமுகத்துல எறங்கின சரக்கு, மலை ஏறாம இந்தக் கணவாய் வழியாக் கொங்கு நாட்டுக்குள்ள வந்து, நொய்யக்கரையோரமாக் கரூருக்குப் போச்சு. எங்களுக்குப் பக்கத்துல நொய்யல் வடகரையில இருக்கிற கொடுமணல்ல 1985-ல இருந்து தமிழ்ப் பல்கலைக்கழகம் தோண்டிப் பார்த்திருக்கு. இரும்பு உருக்கின உலை, கல்மணி பட்டை தீட்டின தொழில்கூடம், பானை ஓட்டுல கீறின தமிழி எழுத்து எல்லாம் கிடைச்சுது. பதிற்றுப்பத்து 'கொடுமணம்'னு சொல்ற ஊரு அதுதான்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க. காங்கயத்துக்குப் பக்கத்துல படியூர்ல பச்சைநீலக் கல்லு வெட்டினாங்க. கோவை வெள்ளலூர்ல 1842-ல ரோமாபுரி வெள்ளிக்காசுப் புதையல் கிடைச்சுது.

இதுல ஒண்ணைக் கவனிச்சீங்களா? கொடுமணல்காரங்க கடல்தாண்டி வித்தது நெல்லோ கரும்போ இல்லை. கல்லு, இரும்பு. தண்ணி இல்லாமலே மண்ணுக்குள்ள இருந்து எடுக்கக் கூடியது. அன்னைக்கும் மலை அங்கதான் நின்னுச்சு. மழை மறைவு நேத்து மரம் வெட்டினதால வந்தது இல்லை. மரம் வெட்டினா மண்ணு ஓடும், ஓடை வறளும், வெயில் சுள்ளுனு அடிக்கும், எல்லாம் சரி. ஆனா "மரம் இருந்த காலத்துல இங்க மூணு போகம் மழை பெஞ்சுது"ன்னு வாட்ஸ்அப்ல வர்றதை நம்பாதீங்க. இது பழைய வறட்சி. எங்க முன்னோர் அதோட மல்லுக்கட்டலை, அதுக்குத் தோதா வாழக் கத்துக்கிட்டாங்க.

அந்தத் தோதுல முதல் பாடம் கொறங்காடு. நகரத்துக்காரங்களுக்கு இந்த வார்த்தையே புதுசா இருக்கும். காட்டைச் சுத்திக் கிளுவை மரத்துல உயிர்வேலி. உள்ள கொழுக்கட்டைப்புல்லு. அங்கங்க வெள்வேல மரம், அது நிழலுக்கும் காய்க்கும். உழவு கிடையாது, தண்ணி கட்டுற வேலை கிடையாது. ரெண்டு மழை பெஞ்சாப் புல்லு எந்திரிச்சுரும், காஞ்சாலும் வேரு சாகாது. வேலி இருக்கிறதால மாட்டை உள்ள விட்டுட்டு வேற வேலை பார்க்கலாம். காட்டைப் பாகம் பிரிச்சு மாத்தி மாத்தி மேய விடுவாங்க. காங்கயம் மாடு இந்தப் புல்லுல வளர்ந்ததுதான். கம்பும் சோளமும் வெளையாத வருசத்துல கூட மாடு கன்னு போடும், எருமை பால் கறக்கும்.

ஊத்துக்குளி வெண்ணெய்னு கேள்விப்பட்டிருப்பீங்க. "அது என்ன உங்க ஊரு வெண்ணெய்க்கு மட்டும் அவ்வளவு பேரு?"ன்னு கேக்குறவங்ககிட்ட நான் சொல்றது, "மழை பெய்யாததால வந்த பேருங்க அது"ன்னுதான். நெல்லு வெளையிற ஊருல இத்தனை காட்டைப் புல்லுக்கு விடுவாங்களா? பாலைத் தூரத்துக்குக் கொண்டு போக முடியாது, கெட்டுப் போயிரும். தயிராக்கிக் கடைஞ்சு வெண்ணெய் எடுத்தாச் சந்தை வரைக்கும் தாங்கும், நெய்யா உருக்கினாச் சீமைக்கே போகும். 1862-ல மெட்ராஸ் ரயில்பாதை இந்த வழியாப் போத்தனூர் போய், பாலக்காட்டுக் கணவாய்க்குள்ள புகுந்து மேலைக்கடலைத் தொட்டுச்சு. காத்து வந்த வழியில ரோமாபுரிச் சரக்கு வந்துச்சு, அதே வழியில ரயிலும் வந்துச்சு. எங்க ஆத்தா மோர் கடையிற சத்தத்துலதான் நான் சின்ன வயசுல கண்ணு முழிப்பேன். அந்த வெண்ணெய்க் காசுலதான் அப்பாவைப் படிக்க வெச்சாங்கன்னு சொல்வாங்க.

ரெண்டாவது பாடம் கெணறு. எங்க பக்கம் நிலத்தை ரெண்டாப் பிரிச்சுத்தான் பேசுவோம். கெணத்துத் தண்ணி பாயிறது தோட்டம், வானத்தை நம்பிக் கிடக்கிறது காடு. திப்பு சுல்தான் 1799-ல விழுந்ததுக்கு அடுத்த வருசம், பிரான்சிஸ் புக்கானன்ங்கிற கம்பெனி டாக்டர் மெட்ராஸ்ல கிளம்பி மைசூர், கொங்கு நாடு வழியாப் பாலக்காட்டுக் கணவாய் தாண்டி மலபாருக்குப் போனாரு. பார்த்ததையெல்லாம் எழுதி 1807-ல மூணு பாகமா லண்டன்ல அச்சுப் போட்டாங்க. மண்ணு, பயிரு, குத்தகை, கெணறு, மாடுன்னு ஒண்ணு விடாம விசாரிச்சு எழுதினவரு. அவர் பார்த்த கொங்கு நாடும் புன்செய்யும் கெணத்துத் தோட்டமுமா இருந்த நாடுதான்.

ஆனா கெணறும் ஒரு அளவுக்குத்தான். 1876-ல தாது வருசப் பஞ்சம். ரெண்டு பருவமும் ஏமாத்திருச்சு. மெட்ராஸ் மாகாணத்துல லட்சக்கணக்கான சனம் செத்துச்சு. எங்க கோயமுத்தூர் ஜில்லாவும் தப்பலை. "தாது வருசத்துல கத்தாழைக் கெழங்கு தின்னு பொழைச்சோம்"னு எங்க அப்பாரு அவரோட அப்பாரு சொன்னதாச் சொல்வாரு. அந்தப் பஞ்சத்துக்கு ஒரு வருசம் முன்னால, 1875-லதான் இந்திய வானிலைத் துறையே தொடங்கினாங்க. மழையை அளக்கிறதும் எங்க பெய்யுது எங்க பெய்யலைன்னு படம் போடுறதும் அதுக்கப்புறம்தான் ஒழுங்கா நடந்துச்சு. மேக்குமலைக்கு அக்கட்டால கருநீலமும் இக்கட்டால வெளிறின மஞ்சளுமா இன்னைக்கு நீங்க செல்போன்ல பார்க்கிற மழைப் படம் இருக்கே, அந்த மஞ்சளோட அர்த்தம் எங்க ஊருல பொணமா விழுந்த வருசம் அது.

மூணாவது வழி, மலை வாங்கின மழையைத் திருப்பி வாங்குறது. மலையில பெய்யிற மழை எல்லாம் மேக்க ஓடிறதில்லை. பவானி நீலகிரியில பொறந்து, கேரளாவுக்குள்ள அட்டப்பாடியைச் சுத்திட்டு, திரும்பி நம்ம பக்கம் வந்து காவேரியில கலக்குது. நொய்யல் வெள்ளியங்கிரி மலையில பொறந்து வருது. 13-ஆம் நூற்றாண்டுல காலிங்கராயன்ங்கிற கொங்குத் தலைவர் பவானி ஆத்துல அணை கட்டி, 90 கிலோமீட்டர் நெளிஞ்சு நெளிஞ்சு போற வாய்க்காலை நொய்யல் வரைக்கும் வெட்டினாரு. இன்னைக்கும் அதுல மஞ்சளும் நெல்லும் வெளையுது. சுதந்திரம் வந்ததும் 1948-ல தொடங்கி 1950-கள் நடுவுல பவானிசாகர் அணையைக் கட்டி முடிச்சாங்க. கீழ்பவானி வாய்க்கால் 200 கிலோமீட்டர், ரெண்டு லட்சம் ஏக்கருக்கு மேல பாசனம். பெருந்துறை, சென்னிமலைப் பக்கம் எங்க ஒறம்பரைகளெல்லாம் வாய்க்கால்காரங்க ஆயிட்டாங்க. வாய்க்கால் சரிவுக்குக் கீழதானே பாயும்? நாங்க மேட்டுல நின்னுட்டோம். பொண்ணு கொடுக்கிறவங்க "வாய்க்காப் பாசனமா, கெணத்துப் பாசனமா?"ன்னு கேட்டுட்டுத்தான் பேச்சையே எடுப்பாங்க. அந்தக் கேள்வியில தோத்த மாப்பிள்ளைகள் எங்க ஊருல நிறைய.

மலை மழை எங்களுக்கு இன்னொரு வேசத்துலயும் வந்துச்சு. 1932-ல நீலகிரியில பைக்காரா நீர்மின் நிலையம் ஓட ஆரம்பிச்சுது. மேல பெஞ்ச மழை தண்ணியா எங்ககிட்ட வரலை, கம்பியில கரண்டா எறங்கி வந்துச்சு. கோயமுத்தூர் மில்லெல்லாம் அதுல பெருகுச்சு. மானாவாரிப் பருத்தியை அரைச்ச திருப்பூர் பனியனுக்கு மாறுச்சு. கெணத்துக்கு மோட்டார் வந்துச்சு. அதுவரைக்கும் கவலை ஓட்டித்தான் தண்ணி எறைச்சாங்க. சோடி எருது, வடம், சாலு. எருது முன்னும் பின்னும் நடந்து நாளெல்லாம் எறைச்சாலும் அரை ஏக்கர் நனையறது பெரும்பாடு. அதுல ஒரு ஞாயம் இருந்துச்சு பாருங்க. எருது களைச்சா எறைப்பு நின்னுரும். ராத்திரியில கெணறு தன்னால ஊறிக்கும். மோட்டார் களைக்காது.

கரண்டு எங்களுக்கு மழைக்குச் சமம். அதனால கரண்டுக் கட்டணம் ஏறினா அது மழை பொய்ச்ச மாதிரிதான். 1970-ல பைசாக் கணக்குல ஏத்தின கட்டணத்தை எதிர்த்து விவசாயிங்க தெருவுக்கு வந்தாங்க. நாராயணசாமி நாயுடு எழுப்பின சங்கம் இந்தச் சீமையிலதான் வேர் விட்டுச்சு. அந்த வருசம் ஜூன் 19-ஆம் தேதி, எங்களுக்குப் பக்கத்துல இருக்கிற பெருமாநல்லூர்ல போலீஸ் சுட்டதுல மூணு விவசாயிங்க செத்துப் போனாங்க. வருசா வருசம் அந்த நாள்ல அங்க மாலை போடுறாங்க. ரெண்டு வருசம் கழிச்சு, 1972-ல கோயமுத்தூர் ரோட்டையெல்லாம் மாட்டுவண்டியால அடைச்சாங்க. அப்புறம் படிப்படியா விவசாயக் கரண்டு இலவசமாச்சு. இலவசக் கரண்டு எதுக்குன்னு நகரத்துல கோவமாக் கேக்குறவங்க இருக்கீங்க. தப்பாக் கேக்கலை. ஆனா வாய்க்கால்காரருக்குப் புவியீர்ப்பு இலவசம், எங்களுக்கு அது எதிர்ல நிக்குது. அதையும் கணக்குல சேர்த்துக்குங்க.

இவ்வளவும் சொல்லிட்டு எங்க தப்பை மறைச்சா நல்லா இருக்காது. 'தண்ணி இல்லாத நாடு, அதனால உழைச்சு முன்னேறுன நாடு'ன்னு மேடையில பேசுவாங்க. பாதி நெசம். மீதிப் பாதி நொய்யல்ல ஓடுச்சு. சாயத்தண்ணி கலந்து, பாசனத்துக்குன்னு கட்டி 1992-ல தொறந்த ஒரத்துப்பாளையம் அணை சாயக் குட்டையாச்சு. அணைக்குக் கீழ கெணத்துத் தண்ணி உப்பாச்சு. 2011-ல நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மொத்தமா மூடச் சொல்ற அளவுக்குப் போச்சு. மழை மறைவு நாட்டுல ஆத்துக்குக் கழுவி விட வெள்ளம் கிடையாது. இங்க விட்ட அழுக்கு இங்கயேதான் கிடக்கும். நாங்க விவசாயிகளும் யோக்கியம் இல்லை. 80 அடிக் கெணறு வத்துச்சு, உள்ளயே சைடு போர் போட்டோம். அது வத்துச்சு, 300 அடி. அப்புறம் 600. இப்போ ஆயிரம் அடியெல்லாம் சாதாரணம். அடியில கிடக்கிறது பாறை. ஆத்து மணல் மாதிரி அதுல தண்ணி தேங்காது, வெடிப்புல மட்டும்தான் கசியும். வருசத்துக்கு 60 சென்டிமீட்டர் பெய்யிற எடத்துல அந்த வெடிப்பு திரும்ப ரொம்ப எத்தனை வருசம் ஆகும்னு யாரும் கணக்குப் போடலை. எங்க அப்பா போட்ட மூணு போர்ல ரெண்டு இப்போ ஓணான் குடியிருக்கிற குழி.

அத்திக்கடவு அவினாசித் திட்டம்னு நியூஸ்ல பார்த்திருப்பீங்க. அறுபது வருசத்துக்கு மேலான கோரிக்கை. ஊர்வலம், உண்ணாவிரதம், ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒரு வாக்குறுதி. 2019-ல அடிக்கல் நாட்டி, 2024 ஆகஸ்ட் 17-ல தொடங்கி வெச்சாங்க. பவானியில காலிங்கராயன் அணைக்குக் கீழ மிஞ்சுற வெள்ளத்துல 1.5 டி.எம்.சி.யை ஆறு எடத்துல பம்பு பண்ணி மேட்டுக்கு ஏத்தி, ஆயிரத்துச் சொச்சம் குளம் குட்டைக்கு விடுற திட்டம். ஊத்துக்குளிப் பக்கமும் அதுல இருக்கு. யோசிச்சுப் பாருங்க, மலை வாங்கின மழை ஆறா எறங்கி, திரும்பக் குழாய்ல மேடேறி எங்ககிட்ட வருது. எங்க ஊருக் குட்டைக்கு முதல் தண்ணி வந்த அன்னைக்கு ஊரே போய் நின்னுச்சு. முழங்கால் அளவுகூட இல்லை. ஒரு பாட்டி எறங்கி, ரெண்டு கையிலயும் அள்ளித் தலையில தெளிச்சுக்கிட்டாங்க. ஆனா அதுவும் பவானியில வெள்ளம் மிஞ்சினாத்தான். மேக்கே பெய்யாத வருசம் குழாயும் காயும்.

இதையெல்லாம் ஏன் இப்போ எழுதறேன்னா, எனக்கு ஒரு முடிவு எடுக்க வேண்டி இருந்துச்சு. போன ஆடியில தண்ணி விலைக்கு வாங்கினேன்னு சொன்னேன்ல. போர்வண்டிக்காரரு ரெண்டு தடவை வந்து பார்த்துட்டுப் போனாரு. "1,200 அடி போனா ஒரு இஞ்சு கிடைக்கும்ங்க"ன்னாரு. கிடைக்கலைன்னா என்ன பண்றதுன்னு கேட்டேன். "எல்லாம் உங்க அதிர்ஷ்டம்ங்க"ன்னாரு. இன்னொரு பக்கம் சைட்டு போடுறவரு ஏக்கருக்கு நல்ல வெலை சொல்லிட்டு இருக்காரு. பையன் திருப்பூர்ல கம்பெனி வேலைக்குப் போறான். "எதுக்குப்பா இந்தப் பாடு?"ன்னு அவனும் கேட்டுட்டான்.

நான் போர் போடலை. விக்கவும் இல்லை. ஆறு ஏக்கர்ல தென்னை பட்டுப் போன மூணு ஏக்கரைத் திரும்பக் கொறங்காடா விட்டிருக்கேன். கிளுவைக் குச்சி நட்டாச்சு, பாதி தழைஞ்சிருக்கு. கொழுக்கட்டைப்புல்லு விதை காங்கயம் பக்கம் ஒரு சொந்தக்காரர் கொடுத்தாரு. ஓடையோரமா ஒரு பண்ணைக்குட்டை வெட்டி, அது வழியிற தண்ணி பழைய 80 அடிக் கெணத்துக்குள்ள எறங்குற மாதிரி வாரி எடுத்திருக்கேன். மீதி மூணு ஏக்கர்ல சோளமும் கொள்ளும் வீட்டுக்குக் கொஞ்சம் காயும். ரெண்டு எருமையோட இன்னும் ஒண்ணு பிடிக்கணும். இதுல லாபம் எவ்வளவுன்னு கேட்டா இப்போதைக்குச் சொல்றதுக்கு ஒண்ணுமில்லை. ரெண்டு வருசம் கழிச்சுக் கணக்கோட எழுதறேன், நட்டமா இருந்தாலும் எழுதறேன்.

எங்க அப்பாரு ஆடி மாசத்துல திண்ணையில உக்காந்து மேக்க பார்த்துட்டே இருப்பாரு. "என்னங்கப்பாரு, மழை வருமா?"ன்னு கேப்பேன். "அது அவங்க மழை சாமி, நம்முது ஐப்பசியில வரும்"பாரு. அப்போ அது வெறும் சமாதானம்னு நெனச்சேன்.

இந்த ஐப்பசியில 18 சென்டிமீட்டர் பெஞ்சுது. மழைமானி நானே வாங்கி வெச்சிருக்கேன், சட்டினி அரைக்கிற மேடைக்கு எதிர்ல. பண்ணைக்குட்டை முக்கால் ரொம்புச்சு. கெணத்துல நாலு அடி ஏறியிருக்கு. சென்னை நண்பனுக்குப் போட்டோ அனுப்பினேன். "இதுக்கா இவ்வளவு சந்தோசம்?"னு கேட்டான். தை மாசம் வாடா, எருமைத் தயிரு ஊத்தறேன், அப்புறம் பேசலாம்னு சொல்லியிருக்கேன். நீங்களும் ரயில்ல போறப்ப ஒரு தடவை எறங்கிப் பாருங்க. வர்றதுக்கு முந்தின நாள் சொல்லிட்டு வந்தீங்கன்னா வெண்ணெய் எடுத்து வைக்கலாம்.